பழைய துப்பாக்கியும் புதிய சட்டையும்

துப்பாக்கி என்ற சொல்லைத் தலைப்பில் கண்டதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் வாசகிகளுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையில் யாரும் யாரையும் சுடப் போவதில்லை. இது இரும்பைப் பற்றிய கதை. இரும்பை அடித்தவர்களைப் பற்றிய கதை. கண்ணால் பார்த்ததை அப்படியே நம்பியவர்கள் பட்ட பாட்டைப் பற்றிய கதை.

காலேஜில் படித்த நாட்களில் நான் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். காலைப் பலகாரத்துக்குப் பூரியும் கிழங்கும் கிடைக்கும் என்ற ஆசைதான் பெரும்பாலும் காரணம் என்பதை இப்போது ஒப்புக் கொள்வதில் வெட்கமில்லை. முதல் நாள் அணிவகுப்பில் ஆளுக்கொரு ரைபிளைக் கையில் கொடுத்தார்கள். சுமார் நான்கு கிலோ கனம். 'திரீ-நாட்-திரீ' என்று ஊரெல்லாம் பெயர் பெற்ற .303 ரைபிள். அதைத் தோளில் ஏந்தியதும் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டாற் போலிருந்தது. பிறகுதான் அதன் மேல் டி, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருப்பதைக் கவனித்தேன்.

"இது என்ன ஸார்?" என்று ஹவில்தாரைக் கேட்டேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "தம்பி, இது சுடுகிற துப்பாக்கி இல்லை, சலாம் போடுகிற துப்பாக்கி. டிரில்லுக்கு மட்டும் என்று அர்த்தம். இதிலே தோட்டாவைப் போட்டுச் சுட்டால் எதிரி பிழைத்துக் கொள்வான், நீ பிழைக்க மாட்டாய்!" என்றார்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதே மரம், அதே குழல், அதே தாழ். ஒன்று சிப்பாயின் உயிரைக் காக்கும். மற்றொன்று அதே சிப்பாயின் முகத்திலேயே வெடிக்கக் கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது அந்த இரண்டு எழுத்துக்கள்தான். அன்றிலிருந்து பழைய ராணுவ ரைபிள்களைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படிப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் பிறவி

ரைபிளை மூன்று பாகமாகப் பிரிக்கலாம். தோளில் முட்டும் மரக்கட்டை ஒன்று. குண்டு ஓடும் குழல் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே தோட்டாவை உள்ளே தள்ளி, அறையை அடைத்து, ஊசியால் தட்டி, வெந்த தோட்டாக் கூட்டை வெளியே இழுத்தெறியும் யந்திரப் பகுதி ஒன்று. இந்தப் பகுதிக்குத்தான் 'ஆக்ஷன்' என்று பெயர். மரம் உளுத்துப் போகும். குழல் ஆயிரக்கணக்கான குண்டுகள் ஓடித் தேய்ந்து போகும். ஆனால் நல்ல ஆக்ஷன் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

இரண்டு மகா யுத்தங்கள் முடிந்தபோது உலகத்தில் கோடிக்கணக்கான ராணுவ ரைபிள்கள் மிஞ்சின. அமெரிக்காவில் அவற்றை மலிவு விலையில், தபால் மூலமாகக்கூட, வாங்க முடிந்தது. 1968-ம் வருஷத்துச் சட்டம் வந்து அந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் வரையில் இந்த வியாபாரம் கொடி கட்டிப் பறந்தது. வாங்கியவர்கள் பழைய கட்டையையும் குழலையும் கழற்றி எறிந்துவிட்டு, வால்நட் மரத்தில் புதிய கட்டை கடைந்து, புதிய குழல் பூட்டி, தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக் கொண்டார்கள். செட்டிநாட்டில் இடிந்த வீட்டின் தேக்கு நிலைக்கதவைப் புது வீட்டுக்கு வைத்துக் கட்டுவதில்லையா? அது போலத்தான்.

ஆனால் கதவு உளுத்திருந்தால் வீட்டுக்காரருக்குப் பண நஷ்டம் மட்டுமே. ஆக்ஷன் உளுத்திருந்தால்? சுடுகிறவனுடைய வலது கண்ணுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே சில அங்குல தூரந்தான் இருக்கிறது. ஆகவே, எந்த ஆக்ஷன் மறுபிறவிக்குத் தகுந்தது, எது தகாதது என்று அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

தாழ்ப்பாள் தத்துவம்

இந்த ரைபிள்களுக்கெல்லாம் அடிப்படை நம் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாள்தான். தாழ்ப்பாளின் கைப்பிடியை நிமிர்த்துகிறோம், பின்னால் இழுக்கிறோம், மறுபடி முன்னே தள்ளிக் கைப்பிடியைப் படுக்கவைக்கிறோம். ரைபிளின் 'போல்ட்' செய்வதும் இதேதான். அந்தப் போல்டில் சிறு முளைகள் உண்டு. கைப்பிடியைப் படுக்க வைத்ததும் முளைகள் சுற்றுச் சட்டத்தில் உள்ள பள்ளங்களில் போய் மாட்டிக் கொள்கின்றன. அந்தச் சட்டத்துக்கு 'ரிஸீவர்' என்று பெயர். வெடிமருந்து எரிந்து கிளம்பும் பேயாவேகத்தை முளைகளும் ரிஸீவருமே தாங்கி நிற்க வேண்டும்.

ஆகவே, பழைய ரைபிளைக் கண்டால் கேட்க வேண்டிய முதற் கேள்விகள் மூன்று. முளைகள் எத்தனை? அவை போல்டின் முன்புறம் இருக்கின்றனவா, பின்புறம் இருக்கின்றனவா? ரிஸீவரின் இரும்பு எத்தகையது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி ஜாதகம் கணித்தாயிற்று.

ஓபர்ன்டார்பின் பிள்ளை

ஜெர்மனியில், நெக்கார் நதிக்கரையில் ஓபர்ன்டார்ப் என்று ஒரு சிறு ஊர். அங்கே ஒரு துப்பாக்கித் தொழிலாளியின் பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டியாக 1838-ம் வருஷம் பிறந்தவர் பால் மௌஸர். தம் மூத்த சகோதரர் வில்ஹெல்முடன் சேர்ந்து அவர் செய்த முதல் பெரிய ரைபிளை ஜெர்மன் ராணுவம் 1871-ல் ஏற்றுக் கொண்டது. அதோடு திருப்தியடையாமல் இருபத்தேழு வருஷம் அதையே இழைத்து இழைத்துத் திருத்தினார். தானே தோட்டா நிரப்பிக் கொள்ளும் ரைபிள் ஒன்றைப் பரீட்சை செய்தபோது வெடித்து, அவருடைய ஒரு கண் போயிற்று. அப்படியும் அவர் தொழிலை விடவில்லை.

1893-ல் ஸ்பெயினுக்காக அவர் செய்த மாதிரி, 1896-ல் ஸ்வீடனுக்காகச் செய்த மாதிரி ஆகியவற்றில் போல்டின் முன்புறம் இரண்டு முளைகள் உண்டு. 1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட '98' மாதிரியில் மூன்றாவதாக ஒரு முளையைப் பின்புறம் சேர்த்தார். சாதாரணமாய் அதற்கு வேலை கிடையாது. முன் முளைகள் இரண்டும் முறிந்து போனால் போல்ட் கண்ணை நோக்கிப் பாயாமல் அது தடுத்து நிறுத்தும். தோட்டாக் கூடு கிழிந்து நெருப்புக் காற்று பின்னால் வந்தால் அதைப் பக்கவாட்டில் வெளியேற்றப் போல்டில் இரண்டு துவாரங்கள் வைத்தார். அதையும் மீறி வந்தால் முகத்தைக் காக்கப் போல்டின் பின்புறம் அகலமான ஒரு விளிம்பு அமைத்தார்.

98-ஐ முந்தியவற்றிலிருந்து பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. காலி ரைபிளின் கைப்பிடியை நிமிர்த்தும்போதே கனமாக இருந்தால், அதாவது வில் அப்போதே இறுகினால், அது 98. நிமிர்த்துவது லேசாகவும் முன்னே தள்ளி முடிக்கும் தருணத்தில் கனமாகவும் இருந்தால் அது 93 முதல் 96 வரையுள்ள வகை. ரிஸீவரின் முன் வளையத்தையும் அளந்து பார்க்கலாம். 98-ல் சாதாரணமாக 1.41 அங்குலக் குறுக்களவு, பழையவற்றில் 1.30 அங்குலம். சில 98 வகைகளிலும் சிறு வளையம் உண்டாதலால் அளவை மட்டும் நம்பாமல் மூன்றாவது முளையைத் தேடிப் பார்ப்பதே உத்தமம்.

98-ன் இரும்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே மெல்லிரும்பு, மேலே மட்டும் கரியேற்றிக் கடினமாக்கிய மெல்லிய தோல். நம் வீட்டு மெதுவடையை நினைத்துக் கொள்ளுங்கள்: வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெது. மேல்தோல் தேயாமல் காக்கிறது. உள்ளிரும்பு நொறுங்காமல் வளைந்து கொடுக்கிறது. புதுச் சட்டை போடுகிறேன் பேர்வழி என்று முளைகளையும் அவை உட்காரும் இடங்களையும் அரத்தால் ராவி வழவழப்பாக்குகிறவர்கள் அந்தத் தோலை உரித்து விடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு தடவை சுடும்போதும் முளை தன் இடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பள்ளம் பறித்துக் கொண்டே போகும்.

யுத்தத்துக்கு முன் ப்ர்னோ நகரில் செக்கோஸ்லோவாகியர் செய்த 98-கள் கைவினைக்குப் பேர் போனவை. ஜெர்மானியர் யுத்த காலத்தில் தொழிற்சாலைப் பெயரை மறைத்துச் சங்கேத எழுத்துக்கள் பொறித்தார்கள். பி.ஒய்.எப். என்றால் ஓபர்ன்டார்ப், பி.என்.இஸட். என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டைர், டி.ஓ.டி. என்றால் ப்ர்னோ. அருகில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள். 44, 45 என்று கண்டால் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதிக்க வேண்டும். தோல்வி வாசற்படியில் நின்றபோது அவசரத்தில் அடித்தவை அவை.

லண்டன் துப்பாக்கி வியாபாரிகள் புதிய மௌஸர் ஆக்ஷன்களை ஓபர்ன்டார்பிலிருந்து வரவழைத்து அவற்றின் மேல் வேட்டை ரைபிள்கள் கட்டினார்கள். சம்பாவத் நரமாமிசப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாய்க் கிடைத்த .275 ரிக்பி ரைபிள் இவ்வகையைச் சேர்ந்ததே. குமாவுன் மலைகளின் கதையைப் படித்து இரவில் விளக்கை அணைக்கப் பயந்த நம்மில் பலருக்கு, அந்தக் கதைகளில் மௌஸருக்கும் ஒரு பங்குண்டு என்பது புதிய செய்தியாக இருக்கலாம்.

கண்ணை நம்பிக் கெட்ட கதை

1898-ல் கியூபாவில் ஸ்பெயினுடன் போர் புரிந்த அமெரிக்கத் துருப்புகளின் கையில் இருந்தது நார்வே நாட்டார் கண்டுபிடித்த க்ராக் ரைபிள். வெண்ணெய் போல் ஓடும் போல்ட். ஆனால் முன்புறம் ஒரே ஒரு முளை. போருக்குப் பின் தோட்டாவின் வேகத்தை வினாடிக்கு 2,000 அடியிலிருந்து 2,200 அடியாக உயர்த்திப் பார்த்தார்கள். முளைகளில் வெடிப்புக் கண்டது. முப்பத்தைந்து லட்சம் தோட்டாக்களைத் திரும்ப வாங்கி மருந்தைக் குறைத்து நிரப்ப நேர்ந்தது. க்ராக் கிடைத்தால் அதை அப்படியே போற்றி வைத்துக் கொள்ளலாம். வலுவான தோட்டாவுக்கு மாற்றலாகாது.

எதிரியின் மௌஸரைக் கண்டு பாடம் படித்த அமெரிக்கர் 1903-ல் தங்கள் ஸ்பிரிங்பீல்டு ரைபிளைச் செய்தார்கள். மௌஸரின் உரிமைகளை அவ்வளவு தாராளமாய் எடுத்துக் கொண்டதால் அவருக்கு இரண்டு லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. பார்க்க மிக அழகான ரைபிள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதை வேட்டை ரூபத்துக்கு மாற்றி 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். பின்னாளில் ஹெமிங்வேயும் அவ்வாறே செய்தார்.

ஆனால் 1917-ல், அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய வருஷத்தில், சில ஸ்பிரிங்பீல்டுகள் சுடும்போதே கண்ணாடி போல் நொறுங்கின. விசாரித்ததில் வெளிவந்த காரணம் ஆசிரியத் தொழில் செய்கிற என்னை வெகு நாள் யோசிக்க வைத்தது.

உலையில் இரும்பு தகுந்த சூட்டை அடைந்து விட்டதா என்று பார்க்க ஆலையில் கருவி இல்லை. பல வருஷம் பழகிய தேர்ந்த கொல்லர்கள் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தீர்மானித்தார்கள். வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது அதிசயம் தெரிந்தது. அதே கொல்லருடைய அதே 'சரியான நிறம்', வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில், மப்பான நாளில் இருந்ததைவிட 300 டிகிரி பாரன்ஹீட் வரை அதிகமாய் இருந்ததாம்! வெளிச்சம் அதிகமானால் இரும்பின் செம்மை மங்கித் தோன்றும். இன்னும் காய வேண்டும் என்று கொல்லர் விட்டு விடுவார். இரும்பு கருகிப் போகும். கருகிய இரும்பு வெளிப்பார்வைக்கு மற்றதைப் போலவே இருக்கும்.

எங்கள் கிராமத்தில் கொல்லப் பட்டறை எப்போதும் இருட்டாயிருக்கும். சிறு வயதில் அதை ஏழ்மையின் அறிகுறி என்று எண்ணியிருந்தேன். ஸ்பிரிங்பீல்டின் கதையைப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அரிவாளுக்குப் பதம் பார்த்துத் தோய்ச்சல் போட, இரும்பின் நிறம் தெரிய வேண்டும். நிறம் தெரிய இருட்டு வேண்டும். படிக்காத எங்கள் ஆசாரியாருக்குத் தெரிந்த சங்கதி அவ்வளவு பெரிய ஆயுதசாலையின் ஜன்னல்களுக்குத் தெரியாமற் போயிற்று.

1918-ன் ஆரம்பத்தில் இரும்பைப் பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள். ஆகவே ஸ்பிரிங்பீல்டு ஆலையில் செய்தவற்றில் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண்ணும், ராக் ஐலண்டு ஆலையில் செய்தவற்றில் 2,85,507-க்குக் கீழ்ப்பட்ட எண்ணும் உள்ளவை சந்தேகத்துக்கிடமானவை. இந்த எண் ரிஸீவரின் வளையத்தின் மேலேயே, ஆலையின் பெயருக்குக் கீழ் இருக்கும். 1917 முதல் 1929 வரை வெடித்தவை 68 என்று ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ நிபுணர் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார். உயிர்ச்சேதமில்லை, ஆனால் மூன்று பேர் ஒரு கண்ணை இழந்தார்கள்.

'பத்து லட்சத்துக்கு மேல் செய்ததில் 68தானே?' என்று கேட்கலாம். எந்த 68 என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் கஷ்டம். மறுபடி பதப்படுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. கருகிய இரும்பைத் திரும்பவும் உலையில் வைப்பது, தீய்ந்துபோன பாயசத்தை மீண்டும் அடுப்பில் ஏற்றுவது போலத்தான். அமெரிக்க ராணுவமே கடைசியில் இவற்றை யாருக்கும் கொடுக்காமல் கிடங்கில் வைத்துவிட்டது. பெரிய எண் கொண்டவையோ, அதிலும் 1927 முதல் நிக்கல் எஃகில் செய்தவையோ, புதுச் சட்டை தரிக்க முழுத் தகுதி வாய்ந்தவை.

காதுகள் உள்ள ரைபிள்

அதே யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஏந்தியது ஸ்பிரிங்பீல்டு அல்ல; இங்கிலாந்தில் உருவான மாதிரியைக் கொஞ்சம் மாற்றி அமெரிக்கர் செய்த 1917 மாதிரி. இருபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இதை அடையாளம் காண ஜோசியம் வேண்டியதில்லை. பின்குறியின் இருபுறமும் யானைக் காதுபோல் இரண்டு இரும்புத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும். கைப்பிடி நாயின் பின்னங்கால்போல் வளைந்திருக்கும். நிக்கல் எஃகு ஆக்ஷன். நீளமும் பருமனும் தாராளம். பெரிய மிருகங்களுக்குரிய நீண்ட தோட்டாக்களுக்கு மாற்ற இதைத் தேடிப் பிடித்தார்கள். முதலில் காதுகளை அறுப்பார்கள், பிறகு மற்றவை.

ரெமிங்டன், வின்செஸ்டர், எட்டிஸ்டோன் என்று மூன்று ஆலைகளில் இது உற்பத்தியாயிற்று. எட்டிஸ்டோன் ஆலையில் யந்திர பலத்தால் குழல்களை அளவுக்கு மிஞ்சி முறுக்கிப் பூட்டியிருந்தார்கள். அவற்றைக் கழற்றும்போது ரிஸீவரில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பைக் காண இரும்பைக் காந்தமாக்கி அதன்மேல் நுண்ணிய இரும்புத்தூள் பூசிப் பார்ப்பார்கள். வெடிப்பு உள்ள இடத்தில் தூள் கோடாகச் சேர்ந்து நிற்கும்.

கனடாவின் ராஸ் ரைபிளைப் பற்றி ஒரே வார்த்தை. கைப்பிடியைத் திருப்பாமல் நேரே இழுத்து நேரே தள்ளும் வேகமான ரைபிள் அது. அதன் 1910 மாதிரியில் போல்டைச் சுத்தம் செய்து தவறாகப் பூட்டிவிட்டால், மூடியது போலத் தோன்றும், முளைகள் மாட்டியிரா. சுட்டால் போல்ட் முகத்துக்கு வரும். இத்தகைய விருந்தாளியைக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார வைத்து உபசரிப்பதே மேல்.

பள்ளிப் பிள்ளைகளின் துப்பாக்கி

ஜப்பானிய அரிஸாகா ரைபிளை யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர் ஏளனம் செய்தார்கள். பிறகு பி. ஓ. ஆக்லி என்ற பிரசித்தமான துப்பாக்கித் தொழிலாளி பல தேசத்து ஆக்ஷன்களை எடுத்து, மருந்தை ஏற்றிக் கொண்டே போய், வேண்டுமென்றே வெடிக்க வைத்துப் பார்த்தார். 1905-ம் வருஷத்து அரிஸாகாதான் எல்லாவற்றையும்விட அதிகமாய்த் தாங்கிற்று! ஒரு அமெரிக்கர் 6.5 மில்லிமீட்டர் குழலை மாற்றாமல் தோட்டா அறையை மட்டும் பெரிதாக்கி, 7.8 மில்லிமீட்டர் குண்டை அதன் வழியே சுட்டு மானும் வேட்டையாடினார் என்பது அந்த உலகில் பிரசித்தமான கதை. 'கொஞ்சம் உதைக்கிறது' என்பதுதான் அவருடைய புகார். ரைபிள் தாங்கியது அவருடைய புத்திசாலித்தனமல்ல, பூர்வ புண்ணியம்.

ஆனால் இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. ஜப்பானியர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அணிவகுப்புக்கென்று ஆயிரக்கணக்கான ரைபிள்கள் செய்தார்கள். குண்டில்லாத வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும் ஏற்றவை. வார்ப்பிரும்பு ரிஸீவர், குழலின் உள்ளே மரை கிடையாது. பார்வைக்கோ அசல் அரிஸாகாவே. அசல் ரைபிளின் ரிஸீவர் மேல் சக்கரவர்த்தியின் செவ்வந்திப் பூ முத்திரை இருக்கும். ஆனால் சரணாகதியின் போது பலவற்றில் அதை ராவி அழித்து விட்டார்களாதலால் முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. குழலுக்குள் மரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிஸீவருக்குப் பின்னால் கட்டைமேல் நீளும் இரும்பு வால் தனித்துண்டாக இருக்கிறதா, ரிஸீவரோடு சேர்த்து ஒன்றாக வார்த்ததா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக வார்த்ததாயின், அது என் ஹவில்தார் சொன்ன 'சலாம் துப்பாக்கி'யின் ஜப்பானியச் சகோதரன். அதைச் சுடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். யுத்தத்தின் கடைசி இரண்டு வருஷங்களில் அவசரமாகச் செய்த முரட்டு அரிஸாகாக்களையும் புதுப்பிக்காமல் விடுவதே விவேகம்.

நம் இச்சாப்பூர்

கடைசியில் நம்முடைய .303-க்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவரின் யோசனை இது. வேகமாகச் சுடுவதில் இதற்கு நிகர் கிடையாது. மண்ணும் சேறும் பட்டாலும் ஓடும். ஆனால் இதன் முளைகள் போல்டின் பின்புறத்தில் இருக்கின்றன. கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதற்கும், நீண்ட மூங்கில் கழியால் தூர நின்று முட்டுக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? கழி சிறிது வளையும். அதுபோல வெடிக்கும்போது போல்ட் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். தன் சொந்தத் தோட்டாவுக்கு இது போதும். அதைவிட உக்கிரமான தோட்டாவுக்கு உதவாது.

வங்காளத்தில் இச்சாப்பூர் ரைபிள் ஆலை 1904-ல் ஏற்பட்டது. முதலில் அது உழைத்தது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு. திருட்டுப் போன ராணுவத் தோட்டாக்கள் ஜனங்களுக்கு உபயோகப்படக் கூடாது என்ற முன்ஜாக்கிரதையால் அந்நாளைய ஸர்க்கார் .303 போன்ற ராணுவ ரகங்களைத் தனி மனிதருக்கு மறுத்தது. ஆகவே அதே லீ ஆக்ஷனில் .315 என்ற வேறு ரகத் தோட்டாவுக்கு வேட்டை ரைபிள்கள் தோன்றின. சுதந்திரம் வந்த பின்னும் இச்சாப்பூரில் .315-ஐச் செய்து வந்திருக்கிறார்கள். ஆண்டவர்கள் போனார்கள், அவர்களுடைய பயம் மட்டும் ஒரு தோட்டாவின் அளவாகத் தங்கி விட்டது!

1962-ல் சீன யுத்தத்தின் அடி விழுந்த பின், நம் தொழிலாளர்கள் அந்தப் பழைய மாதிரியையே புதிய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்பச் செய்தார்கள். வெறுமனே குழலை மாற்றிவிடவில்லை. தோட்டாவின் உக்கிரம் அதிகமென்று உணர்ந்து ரிஸீவருக்கு உயர்ந்த ரக எஃகை உபயோகித்தார்கள். பத்துத் தோட்டா அறைக்குப் பதில் பன்னிரண்டு தோட்டாப் பெட்டி வைத்தார்கள். அதற்கு 2ஏ என்றும், குறியைத் திருத்திய பின் 2ஏ1 என்றும் பெயர். ரிஸீவரின் பக்கத்தில் ஆர்.எப்.ஐ. என்ற எழுத்துக்களும் மாதிரியின் பெயரும் வருஷமும் இருக்கும்.

இதைக் கண்டு, 'அவர்கள் செய்தார்களே, நாமும் பழைய .303-க்கு 7.62 குழல் பூட்டினால் என்ன?' என்று வெளிநாடுகளில் நினைத்தவர்கள் உண்டு. உருவம் ஒன்று, உள்ளிருக்கும் எஃகு வேறு. இச்சாப்பூர்த் தொழிலாளி செய்தது புதிய ரைபிள். இவர்கள் செய்ய நினைப்பது பழைய ரைபிளுக்குப் பொய்ப் பெயர் சூட்டுவது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மேற்கே இத்தொழிலில் தேர்ந்தவர்கள் பழைய ரைபிள் ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? முதலில், அது காலியாயிருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்கிறார்கள். யார் என்ன சத்தியம் செய்தாலும் சரி. இரண்டாவது, முத்திரை, ஆலை, வருஷம், எண் ஆகியவற்றைப் படித்து எழுதிக் கொள்கிறார்கள். மூன்றாவது, போல்டின் எண்ணும் ரிஸீவரின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கிறார்கள். எண் மாறியிருந்தால் வேறு வீட்டு மாப்பிள்ளையைக் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்காவது, மூடிய போல்டுக்கும் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை எஃகு அளவுகோல்களால் சோதிக்கிறார்கள். ஒரு கோல் உள்ளே இருக்கும்போது போல்ட் மூட வேண்டும். சற்றே பெரிய மற்றொன்றுக்கு மூடவே கூடாது. மூடினால் முளைகள் பள்ளம் பறித்து விட்டன என்பதற்கு அதுவே சாட்சி. கடைசியில் காந்தச் சோதனை. இவ்வளவுக்கும் பிறகுதான் மரத்தைப் பற்றியும் குழலைப் பற்றியும் பேச்சு.

இன்னொரு விஷயமும் உண்டு. அடையாளம் கண்டு, ஆக்ஷன் திடமானது என்று தெரிந்த பிறகும், அறுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது. அறுபது, எழுபது வருஷத்துக்கு முன் இந்த ரைபிள்கள் மலை மலையாய்க் கிடந்தன. அறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றோ முழு உருவத்துடன் இருக்கும் பழைய ரைபிளுக்கு, அறுத்து மாற்றியதைவிட அதிக விலை கிடைக்கிறது. முத்திரையை ராவிவிட்டால் அந்த ரைபிள் எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்ற சரித்திரமும் அரத்தூளோடு போய்விடும். ஏற்கெனவே கட்டை போய், குழல் போய், அனாதையாய்க் கிடக்கும் ஆக்ஷனுக்குப் புதுச் சட்டை போடுவது தர்மம். முழுசாயிருப்பதை அறுப்பது வேறு.

நம் தேசத்து வாசகர்கள் இதைப் படித்துவிட்டு அரத்தைத் தேட வேண்டாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதும், பழுது பார்ப்பதும், உருமாற்றுவதும் குற்றம். கார்பெட் சுட்ட புலியை இன்று சுடுவதும் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆனால் மியூஸியத்திலோ அணிவகுப்பிலோ பழைய ரைபிளைக் கண்டால், அருகே போய் அதன் மேல் உள்ள எழுத்துக்களைப் படிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

2020-ம் வருஷம் குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீஸார் தங்கள் .303-க்கு மரியாதையுடன் விடை கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது, எனக்குப் பழைய ஹவில்தாரின் ஞாபகம் வந்தது. பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போதும் சில சமயம் அவருடைய ஞாபகம் வருகிறது. அழகான கையெழுத்தைக் கண்டதும் பேனா தானாகவே மார்க்கைப் போடப் போகும். அப்போது ஸ்பிரிங்பீல்டு ஆலையின் ஜன்னல் வெளிச்சத்தை நினைத்துக் கொள்வேன். பேனாவை நிறுத்தி, விடையை இன்னொரு தடவை முதலிலிருந்து படிப்பேன்.